குளிசையும் மீனாணமும்

"கத்தரிக்காய் கிரந்தி, மீன் சூடு, தயிர் குளிர்." முடக்குவாதம் என்று கேள்விப்பட்டால் போதும், ஆளுக்கொரு கறியைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். இப்படித் தள்ளித் தள்ளி, என் உம்மம்மாவின் கோப்பையில் சோறும் பருப்பும் மட்டுமே மிஞ்சின. விரல் வீக்கம் வற்றவில்லை, உடம்புதான் மெலிந்தது.

முடக்குவாதம் வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. கிருமிகளோடு போராட வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தன் உடலின் மூட்டு மென்சவ்வையே தாக்குகிறது. அங்கே அழற்சி உண்டாகி மூட்டு வீங்குகிறது. கவனியாமல் விட்டால் என்பும் அரிக்கப்படும்.

உணவுக்கு இதில் பங்குண்டா? உண்டு. மீனிலுள்ள ஒமேகா 3 கொழுப்பமிலங்கள், அழற்சியைத் தூண்டும் இரசாயனங்கள் உருவாவதைக் குறைக்கின்றன. நாளாந்தம் மீனெண்ணெய் எடுத்த நோயாளர்களுக்கு மூட்டு வலியும் காலை விறைப்பும் ஓரளவு தணிந்துள்ளன. கடலில்லாத மாத்தளையிலும் சந்தையில் கிடைக்கும் சாளை மீனில் இந்தக் கொழுப்பு நிறைய உண்டு. நாம் விலக்கியது அதைத்தான்!

நோன்பும் ஆராயப்பட்டிருக்கிறது. நோர்வேயில் நடந்து 1991இல் வெளியான ஆய்வொன்றில், 27 நோயாளர்கள் ஏழு முதல் பத்து நாட்கள் உணவை மிகவும் குறைத்து, பின்னர் ஓராண்டு மரக்கறி உணவு உண்டனர். பலருக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. ஆனால் நோன்பிருந்துவிட்டுப் பழைய உணவுக்குத் திரும்பியவர்களிடம் நோயும் திரும்பியதை வேறு ஆய்வுகள் காட்டின.

எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. ரமழானில் வலி குறைந்ததும், "நோன்பே மருந்து, குளிசை எதுக்கு மகள்?" என்று உம்மம்மா நிறுத்திவிட்டார். பெருநாள் கழிந்து சில வாரங்களில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவும் முடியவில்லை. "வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் மெதோட்ரெக்சேட்டை நோன்பு திறந்த பிறகு இரவில் எடுக்கலாமே" என்றார் டொக்டர். நோயாளிக்கு மார்க்கமும் சலுகை தந்திருக்கிறது. உணவு நெருப்பைச் சற்றுத் தணிக்கும். அணைப்பதற்கு மருந்து வேண்டும். இப்போது உம்மம்மா குளிசையும் எடுக்கிறார், மீனாணமும் சாப்பிடுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. தேங்காய் துருவி, மா குழைக்கும் நம் உம்மாமார் வலியை வெளியே சொல்வதில்லை. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்கு மேலாகியும் அவர்களின் விரல்கள் மடங்க மறுக்கின்றனவா? கறியை மாற்றுவதற்கு முன், அவர்களை டொக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.