ஆவுளியாவைத் தேடி...

அறிவியல் மன்ற மாணவியராகிய நாங்கள் இருபது பேர், அருட்சகோதரியர் இருவருடன் பாம்பனில் படகேறினோம். குருசடைத் தீவை நோக்கிப் படகு புறப்பட்டதுமே எங்கள் பாட்டும் கூச்சலும் தொடங்கிவிட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சூழ்ந்துள்ள கடலையும் அரசு 1986ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவித்தது என்று வகுப்பில் படித்திருந்தோம். அங்கு வாழும் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, எப்படியும் பார்த்துவிட வேண்டும் என்பதே எங்கள் ஆவல்.

திடீரென்று, "அதோ, ஓங்கில்!" என்றார் படகோட்டி. டால்பினை இக்கரை மக்கள் அப்படித்தான் அழைக்கின்றனர். நான்கைந்து சாம்பல்நிற முதுகுகள் நீரைக் கிழித்து எழுந்தன. ஒன்றின் அருகே குட்டியும் இருந்தது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டிக் கூவினோம். மறுகணம் ஒன்றையும் காணோம்!

"சத்தம் போடாதீங்க பிள்ளைகளா. மூச்சுவிடத்தானே அதுக மேலே வருது? விரட்டுனா குட்டி என்ன செய்யும்?" என்று கூறி, அவர் இயந்திரத்தை நிறுத்தினார். நாங்கள் வெட்கத்துடன் அமர்ந்தோம். சிறிது நேரத்தில் 'புஸ்' என்றொரு ஓசை. தலையுச்சியிலுள்ள துளை வழியே அவை மூச்சுவிடும் ஓசை அது! எங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம்.

"ஆவுளியா வருமா, ஐயா?" என்று கேட்டோம். "அது கூச்சப் பிராணிம்மா. ஆழமில்லாத இடத்துல கடற்புல்லை மேயும். வலையில சிக்குனா மேலே வந்து மூச்சுவிட முடியாம செத்துப்போகும்" என்றார்.

அதுவரை பேசாதிருந்த எங்கள் விடுதித் தோழி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எங்கள் அப்பா வலையிலும் ஒன்று சிக்கியது. வலையை அறுத்து விட்டுவிட்டார். புது வலை வாங்கக் கடன் பட்டோம். இந்தச் சுற்றுலாப் பணத்தைக்கூட அதனால்தான் கடைசியாகக் கட்டினேன்."

அவள் ஊர் தஞ்சை மாவட்டக் கடற்கரையில் உள்ளது. அப்பகுதியும் அடங்கிய பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதையும் தேர்வுக்காகப் படித்து மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாங்கள். பணம் கட்டத் தாமதித்த அவளை, "கஞ்சப் பிசினாறி" என்று கேலி செய்தவர்களும் நாங்களே.

அன்று ஆவுளியாவை நாங்கள் காணவில்லை. திரும்பும் வழியில் அவளைப் படகின் முன்பக்கம் அமர்த்தினோம். அங்கிருந்துதான் கடல் நன்றாகத் தெரியும்.