பாண்காரன் போகட்டும்

"திருவிழாக்காலம் முடியட்டும், பிறகு வாங்கோ அண்ணை" என்றார்கள். சித்திரை தொடங்கி ஆவணி வரை அந்தப் பெடியளுக்கு இரவுகள் சொந்தமில்லை. ஏதாவதொரு கோயில் வீதியில், ஏதாவதொரு கோஷ்டியில், இளையராஜா பாட்டுக்கோ ரகுமான் பாட்டுக்கோ வாசித்துக்கொண்டிருப்பார்கள். சொந்தப் பாட்டுக்கு நேரம் கிடைப்பது ஐப்பசியில்தான். ஐப்பசியில் மழை பிடித்துவிடும். சீற்றுக் கூரையில் மழை விழுந்தால் மைக்குக்குள் வேறொன்றும் ஏறாது. ஆகவே யாழ்ப்பாணத்தில் ஒரு றொக் இசைக்குழு தன் முதல் இறுவட்டைச் செய்வதென்றால் மழை விட்ட மத்தியானங்களைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

குழுவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வெளியீட்டுக்கு முன் பெயர் மாறலாம். ஏற்கெனவே மாறியும் இருக்கிறது. இணுவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையொன்றில், பழைய தளபாடங்கள் அடைந்து கிடந்த பின்னறைதான் ஸ்ரூடியோ. சுவரெங்கும் முட்டை மட்டை ஒட்டியிருக்கிறது. முட்டை மட்டை வெளிச்சத்தத்தை நிறுத்தாது. அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் உடைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தை நிறுத்துவது கனமான பொருள்: கல்லுச் சுவர், தடித்த கதவு. அது அவர்களுக்கும் தெரியும். "பார்க்க ஸ்ரூடியோ மாதிரி இருக்கட்டும் எண்டுதான்" என்று சிரித்தார் கிற்றார் வாசிப்பவர். உண்மையில் வேலை செய்தவை மூலைகளில் நிமிர்த்தி வைத்திருந்த இரண்டு பஞ்சு மெத்தைகள்.

வெளிச்சத்தங்களில் ரயில் பெரிய பிரச்சினையில்லை. 1990இல் நின்றுபோன பாதை, 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும், அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் மீண்டது. ரயிலுக்கு நேர அட்டவணை இருக்கிறது. அதைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டார்கள். அட்டவணை இல்லாதவர் பாண்காரர். மூன்று சக்கர வண்டியில், பேத்தோவனின் அந்தப் பியானோ மெட்டைக் கீச்சுக்குரலில் ஒலிக்கவிட்டபடி வருவார். பேஸ் கிற்றார் பதிவின் நடுவில் அது நுழைந்தது. எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். "பொறுங்கோ, பாண்காரன் போகட்டும்." அவர் போக, குசினியில் கிரைண்டர் தொடங்கியது. "அம்மா, ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டுங்கோவன்!" என்று குரல் போனது. "உங்கட பாட்டுக்காக நான் பட்டினி கிடக்கிறதோ?" என்று பதில் வந்தது. கிரைண்டர் நின்றது.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது றம்ஸ் வாசிக்கும் பிள்ளையைத்தான். தவில்கார வீட்டுப் பிள்ளை. இணுவில், அளவெட்டிப் பக்கம் தவிலும் நாதஸ்வரமும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடங்கள். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் பெயரைச் சொல்லாமல் இங்கே எவரும் தாளம் பற்றிக் கதைப்பதில்லை. தவிலில் வலக்கை விரல்களுக்குக் கூடு போட்டு ஒரு பக்கம் வாசிப்பார்கள். மற்றப் பக்கத்தை இடக்கை கழியால் அடிக்கும். றம்ஸில் ஸ்னெயர் விழுவதும் பெரும்பாலும் இடக்கையில்தான். புதிதாக றம்ஸ் பழகுபவர்களுக்கு அந்த இடக்கை சோர்ந்துபோகும். இவருக்கு அது சிறுவயதிலிருந்தே கழி பிடித்த கை. ஸ்னெயர் ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழுந்தது. இந்தக் குழுவின் ஆகச் சிறந்த ஒலி அதுதான் என்பது என் கணிப்பு.

சிக்கல் வேறிடத்தில் வந்தது. பதிவென்றால் காதுக்குள் மெட்ரோனோம் ஒலிக்கவேண்டும். அந்த 'க்ளிக்' மாறாது, மூச்சு விடாது. தவிலில் வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் நெருங்கும்போது உடம்பு தானாகவே கொஞ்சம் முன்னால் போகும். கேட்பவனும் கூடவே போவான். க்ளிக் போகாது. பாட்டின் கடைசி வட்டத்தில் திரும்பத் திரும்ப இவர் முந்தினார், கொம்பியூட்டரில் இருந்த நண்பர் தலையை ஆட்டினார். ஈற்றில் க்ளிக்கை நிறுத்திவிட்டு, பேஸ் வாசிப்பவர் எதிரே சப்பாணி கட்டி இருந்து கையால் தாளம் போட்டார். அந்த முறை சரியாக வந்தது. கடைசியில் வேகம் கூடியதுதான். ஆனால் நால்வரும் சேர்ந்தே கூடினார்கள். அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடுவது. மேற்கத்தைய றொக்கில் ஏழு என்றால் கெட்டித்தனம் காட்டுவதற்கு வைப்பார்கள். கிற்றார்காரர் உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். றம்ஸ்காரருக்கு அது வெறும் மிஸ்ர சாபு. எண்ணவேயில்லை.

இவர்கள் புதிதாக ஒன்றும் தொடங்கவில்லை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியது அறுபதுகளில். அதன்பின் வந்த பொப் பாடல் அலையில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்தது. 1977இல் தமிழ்நாட்டுப் படத்திலும் புகுந்தது. சினிமாவைத் திரும்பிப் பாராமல் எங்கள் பேச்சில், எங்கள் நக்கலில், கிற்றாரோடு பாடிய காலம் அது. பிறகு யுத்தம். 1990க்குப் பின் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியும் கசெற்றும் கேட்ட தலைமுறை இந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாருடையது. "சுத்திறவன் களைச்சா பாடுறவரும் களைச்சுப் போவார்" என்றார், தேத்தண்ணி கொண்டுவந்த வீட்டுக்காரர்.

அந்த இடைவெளியில் பாட்டு வெளியே போய்விட்டது. சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் லண்டனிலிருந்து 'அருளர்' என்ற முதல் தொகுப்பை வெளியிட்டது 2005இல். யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறன்ரோவில் வாழும் ஷான் வின்சென்ட் டி போல் 2021இல் 'மேட் இன் ஜஃப்னா' என்றே தன் தொகுப்புக்குப் பெயர் வைத்தார். இரண்டையும் இந்தப் பெடியள் மனப்பாடமாகும்வரை கேட்டிருக்கிறார்கள். உள்ளூரவே ஒரு பொறாமையும் இருக்கிறது.

காசுக் கணக்கு எளிது. ஸ்னெயரும் சிம்பலும் கோஷ்டிச் சம்பளத்தில் வாங்கியவை. மைக்கையும் கொம்பியூட்டரையும் இணைக்கும் பெட்டி கனடா மாமா அனுப்பியது. மாமா அதோடு ஒரு யோசனையும் அனுப்பியிருந்தாராம்: தாயகப் பாட்டு ஒன்றாவது போடுங்கோ, இங்கே விற்கும். இவர்களிடம் இருப்பது பாஸ்போட் வரிசையைப் பற்றிய பாட்டு, நுண்கடன்காரர் வாசலில் வந்து நிற்பதைப் பற்றிய பாட்டு, 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் போன இருட்டைப் பற்றிய ஒன்று. அவையும் தாயகப் பாட்டுத்தான் என்பேன். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்: இரண்டு பாட்டுகளில் கிற்றார் இரைச்சல் சொற்களைத் தின்றுவிடுகிறது. பாஸ்போட் பாட்டின் நக்கல் முழுவதும் சொல்லில்தான் இருக்கிறது. அதைக் கேட்க முடியாவிட்டால் என்ன பயன்? சொன்னேன். பாடுபவர் ஒத்துக்கொண்டார், கிற்றார்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பாடுபவரும் கிற்றார்காரரும் ஒரே ஆள் இல்லாதது நல்லதுதான்.

வெளியீடு எப்படி என்று கேட்டேன். இணையத்தில் போடுவார்கள், 2021இலிருந்து ஸ்பொட்டிஃபை இலங்கையிலும் கிடைக்கிறது. அதில் வரும் காசு கிற்றார் கம்பி வாங்கவும் காணாது. ஆகவே யாழ்ப்பாண முறைப்படி இறுவட்டு வெளியீட்டு விழாவும் உண்டு: மங்கல விளக்கு, தலைமையுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கடித உறைக்குள் காசு. இறுவட்டைப் போட்டுக் கேட்கும் கருவி இப்போது எத்தனை வீட்டில் இருக்கிறது? "கேக்கிறதுக்கில்லை அண்ணை, உறைக்குத்தான்" என்றார் பேஸ். றொக் இசைக்குழுவுக்குத் தலைமையுரை யார் ஆற்றுவார் என்பது அப்போதும் முடிவாகவில்லை.

அடுத்த வருடத் திருவிழாவுக்குக் கோஷ்டி பிடிக்கப்போகும் உபயகாரருக்கும் பரிபாலன சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கும் பிள்ளைகளிடம் சொந்தப் பாட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நிகழ்ச்சியில் அரை மணித்தியாலத்தை அதற்கு ஒதுக்குங்கள். சம்பளம் அதேதான், மேலதிகச் செலவு எதுவுமில்லை.