எட்டு பைட்டு

புளியறையில் தமிழகச் சோதனைச் சாவடியைக் கடந்து மலையேறினால் ஆரியங்காவில் கேரளச் சாவடி வரும். லாரியும் சரக்கும் மாறுவதில்லை. காகிதத்தை வாசிப்பவரின் மொழிதான் மாறுகிறது.

நண்பர்கள் இருவரும் கல்லூரி மாணவன் ஒருவனுமாக நாங்கள் இவ்வூரில் ஞாயிறுதோறும் கூடி, எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளத்தின் கெர்னலைப் படித்து வந்தோம். 2006இல் எம்ஐடியில் பாடத்துக்கென எழுதப்பட்டது அது. பின்னர் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கும் மாற்றப்பட்டது. சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் அந்த வகையே என்பதால் அப்பதிப்பை எடுத்துக்கொண்டோம்.

கெர்னலின் பெரும்பகுதி சி மொழி. நிரல் ஒன்று கெர்னலுக்குள் நுழையும் வாசலோ அசெம்பிளி. வாசலில் பதிவகங்களின் மதிப்புகள் ஓர் அட்டவணையில் சேமிக்கப்படுகின்றன. சி அவற்றைப் பெயரால் அறியும். அசெம்பிளியோ தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட்டு என்று மட்டுமே அறியும். நிரல் கேட்கும் சேவையின் எண் 168ஆம் பைட்டில் இருக்கும். அந்த 168 அசெம்பிளியில் கையால் எழுதப்பட்டிருக்கிறது. சியின் ஹெடர் கோப்பில் வெறும் குறிப்புரையாக நிற்கிறது.

ஒரு நிரல் எத்தனை முறை கெர்னலுக்குள் வருகிறது என்று எண்ண விரும்பிய மாணவன், அட்டவணையின் நடுவே எட்டு பைட்டில் ஓர் இடம் சேர்த்தான். பிழையின்றித் தொகுக்கப்பட்டது. இயக்கியதும் 'அறியாத அழைப்பு' என்ற செய்தியே திரையில் ஓயாமல் ஓடியது. அசெம்பிளி எண்ணை 168இலேயே வைத்தது; சியோ 176இல் தேடி வேறொரு பதிவகத்தின் குப்பையை எடுத்தது. இதைக் கண்டறிய எங்களுக்கு இரண்டு ஞாயிறுகள் பிடித்தன. அதற்குள் அவன், "எனக்கு இது வராதுண்ணே" என்று சொல்லிவிட்டான்.

புதிய இடத்தைக் கடைசிக்குத் தள்ளினால் அன்றைய சிக்கல் தீரும். ஆனால் அடுத்து வருபவரும் அதே குழியில் விழுவார். பிழை அவனுடையதன்று, ஓர் எண்ணை இரண்டு இடங்களில் எழுதிய ஒழுங்கினுடையது.

லினக்ஸ் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. சிறிய சி கோப்பொன்றை முதலில் தொகுத்து, ஒவ்வோர் உறுப்பின் தொலைவையும் தொகுப்பானையே கணக்கிட வைத்து, அந்த எண்களைப் பெயர்களோடு ஒரு ஹெடர் கோப்பாக எழுதிவிடுகிறார்கள். அசெம்பிளி அப்பெயர்களையே பயன்படுத்துகிறது. இரு மொழியும் வாசிக்கும் ஹெடரில் மாறிலிகளும் மேக்ரோக்களும் வெளியே இருக்கும். சிக்கு மட்டும் புரியும் வகை அறிவிப்புகள், அசெம்பிளியின் கண்ணில் படாதபடி ஒரு நிபந்தனைக்குள் அடங்கும். நாங்களும் அவ்வாறே மாற்றியமைத்தோம்.

1956 நவம்பர் 1இல் இவ்வூர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஊர் நகரவில்லை, ஏடுகள் மாறின. எங்கள் அட்டவணையில் நேர்மாறாக, இடம் நகர்ந்தது, ஏடு மாறவில்லை.

தன் எட்டு பைட்டை முதலில் வைத்த அதே இடத்தில் மாணவன் மறுபடி வைத்தான். தொலைவுகள் தாமாகவே மாறின, கெர்னல் எழுந்தது. அடுத்த ஞாயிறு எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தான்.