பாட்டி சொன்ன அமோக்

மலேசியாவில், பகாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். கள்ளுக்கடை மூடியதும் லயத்துக் கடைசி வீட்டில் சட்டிபானை உருளும். பாட்டி, "அங்க ஒருத்தன் அமோக் ஆயிட்டான், உள்ள வாடா" என்று கதவைச் சாத்தி, பால்வாளியை அண்டக்கொடுப்பாள். தகர வாளி எதைத் தடுக்குமோ!

'அமோக்' தொரை வீட்டு இங்கிலீஷ் என்றே நினைத்திருந்தேன். பள்ளியில் 'ரன் அமோக்' படித்தபோது அது உறுதியானது. உண்மை தலைகீழ். மலாய்ச் சொல் 'அமுக்'தான் இங்கிலீஷுக்குப் போனது. வெறி தலைக்கேறி, எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டிச் சாய்ப்பதற்குப் பெயர் அது. 1516 வாக்கிலேயே போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, ஜாவாக்காரர்களைப் பற்றி எழுதும்போது 'அமுக்கோ' என்று குறித்திருக்கிறார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, வேரை இந்தியப் பக்கமும் தேடிப் பார்த்தது. மலாய்தான் மூலம் என்பதே பொதுவான முடிவு.

இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு இப்போது பல் விழுந்துவிட்டது. சூப்பர்மார்க்கெட்டில் பிள்ளைகள் ஓடியாடினாலும் அமோக்தான். இங்கே மலாய்ப் பேப்பரில் 'மெங்காமுக்' என்று பார்த்தால் இன்னும் வயிறு கலங்கும்.

ஒரு தீபாவளிக்குச் சிரம்பான் துணிக்கடையில் 'அமோக விற்பனை' என்று தொங்கியது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, உள்ளே வெட்டுக்குத்து என்று நினைத்து, பாட்டி சேலையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.