அடுத்தவர் பாட்டு

நிர்வாணா குழுவின் 'எம்டிவி அன்பிளக்ட் இன் நியூயோர்க்' இறுவட்டைக் கல்வியியல் கல்லூரி விடுதியில்தான் நாங்கள் முதன்முதலில் கேட்டோம். (இசை கூடுமா கூடாதா என்ற வாதத்தை இன்னொரு நாளைக்கு வைப்போம்.) 1993 நவம்பரில் சனங்களுக்கு முன்னால் ஒரே மூச்சில் பதிவான 14 பாட்டு. அதில் 6 அடுத்தவர்களுடையது. உலகமே முணுமுணுத்த அவர்களுடைய பெரிய ஹிட் பாட்டு அதில் இல்லவே இல்லை.

அவ்வளவு பிரபலமில்லாத மீட் பப்பெட்ஸ் குழுவின் கேர்க்வூட் சகோதரர்களை மேடைக்கே கூப்பிட்டு, அவர்கள் கிட்டார் வாசிக்க, அவர்களுடைய 3 பாட்டைக் கேர்ட் கோபேன் பாடுகிறார். இன்னொன்றைப் பாடி முடித்ததும், இது டேவிட் போவியின் பாட்டு என்று சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்லியும் பலர் அதை நிர்வாணாவின் பாட்டு என்றே நினைத்தார்கள், அது வேறு கதை. கடைசியாக, 1949இல் காலமான கறுப்பினக் கலைஞர் லெட் பெல்லி பாடிப் பரப்பிய ஒரு பழைய நாட்டார் பாட்டு. தனக்கு மிகப் பிடித்த கலைஞர் என்று அவரைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். முடிவில் அந்தக் குரல் கிழிகிற இடம் இன்னும் எங்கள் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகு இன்னொரு பாட்டுக் கேட்டும் அவர் பாடவில்லை. ஐந்து மாதத்துக்குள் ஆளும் இல்லை. இறுவட்டு வெளிவந்ததே அதற்குப் பிறகுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்களோடு படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் இரவிரவாக இருந்து தயாரித்த புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள், போன மாதம் ஒரு டியூஷன் வகுப்பின் பெயரோடு எங்களுக்கே வட்ஸ்அப்பில் வந்தது. டீச்சரின் பெயரை மட்டும் கவனமாக அழித்திருந்தார்கள். 27ஆம் வினாவில் இருந்த எழுத்துப்பிழை அப்படியே இருந்தது.