கூலி என்னும் சொல்

கூலி என்ற சொல்லைக் கேட்டாலே நம் மாணவர் சிலருக்கு முகம் சுருங்குகிறது. ஆசிரியர் பெறுவது ஊதியம். அலுவலர் பெறுவது சம்பளம். வக்கீலும் டாக்டரும் பெறுவது ஃபீஸ். கடலைக் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்பவள் பெறுவது மட்டும் கூலி. போதாக்குறைக்குக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்று ஒரு வசைமொழி வேறு! கூலியால் வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவன் நான். இச்சொல்லுக்காக வழக்காட எனக்கு உரிமை உண்டு. சாட்சிக்கு ஒரு கிரேக்கச் சொல்லை அழைக்கிறேன்.

இயற்பியல் படிப்பவனுக்குக் கிரேக்கம் ஆல்பா, பீட்டாவோடு முடிந்துவிடுவது வழக்கம். விடுதித் தோழர் ஒருவரின் விவிலிய அகராதியைப் பொழுதுபோக்காகப் புரட்டப்போய், 'மிஸ்தோஸ்' என்னும் சொல்லிடம் அகப்பட்டுக்கொண்டேன். புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம் என்பது நீங்கள் அறிந்ததே. அங்கே, திராட்சைத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு மாலையில் கொடுப்பதும் மிஸ்தோஸ். மலைப்பொழிவில், துன்புறுத்தப்பட்டோருக்கு வானுலகில் காத்திருப்பதும் அதே மிஸ்தோஸ். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்போ முன்னதைக் 'கூலி' என்றும் பின்னதைப் 'பலன்' என்றும் பிரித்துவிட்டது. மண்ணில் கிடைத்தால் கூலி, விண்ணில் கிடைத்தால் பலன்! மூலத்தில் இந்தப் பிரிவினை இல்லை.

அது எவ்வளவு கறாரான சொல் என்பதற்கு ஒரு சான்று. ஊரறியத் தருமம் செய்பவர்கள் தம் மிஸ்தோஸை ஏற்கெனவே பெற்றுவிட்டார்கள் என்ற கருத்து மத்தேயுவின் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. அங்கே 'பெற்றுவிட்டார்கள்' என்பதற்கு ஆளப்பட்ட வினை, எகிப்து நாட்டில் கிடைத்த பாப்பிரஸ் தாள்களிலும் பானை ஓடுகளிலும் பற்றுச்சீட்டு எழுதப் பயன்பட்ட சொல் என்று ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் 1908இல் வெளிவந்த தம் நூலில் காட்டினார். முழுத்தொகையும் வந்தது, கணக்குத் தீர்ந்தது என்று பொருள். வேதநூல் பேசிய மொழி கோயில் மொழியன்று, கடைவீதியின் மொழி.

தமிழுக்கும் இந்தத் துணிவு இருந்தது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 619ஆம் குறளை எடுத்துப் பாருங்கள். தெய்வத்தாலும் ஆகாதபோது, உடல் வருந்திய முயற்சி தருவதற்கு வள்ளுவர் என்ன பெயர் வைத்தார்? பயன் என்றோ பரிசு என்றோ சொல்லவில்லை. கூலி என்றார்.

மிஸ்தோஸின் உறவினர் ஒருவர் நம் தெருவிலேயே நடமாடுகிறார். பாரசீகத்தில் கூலிக்கு 'முஸ்த்' என்று பெயர். அதிலிருந்து வந்தவர்தான் தொழிற்சங்கப் பெயர்ப்பலகைகளில் நாம் காணும் 'மஸ்தூர்'. வேதகால வடமொழியில் இதே வேர் 'மீட' என்றாகி, போட்டியில் வென்ற பரிசைக் குறித்தது. (ஆராய்ச்சித் தோழர்கள் மாதக்கணக்கில் வழிபார்த்திருக்கும் ஸ்டைபெண்டு வேறு குலம். அது ரோமானியச் சிப்பாய் வாங்கிய படிப்பணம். பாவத்துக்குக் கிடைப்பது சாவு என்று பவுல் சொல்லுமிடத்தில் இலத்தீன் விவிலியம் ஆள்வது அந்தச் சொல்லைத்தான்!)

அதே பவுல், உரோமருக்கு எழுதிய மடலின் நான்காம் அதிகாரத்தில், உழைத்தவனுக்கு வரும் மிஸ்தோஸ் அருளின் கணக்கில் சேராது, கடனின் கணக்கிலேயே சேரும் என்கிறார். அவர் சொல்லவந்த சமயக் கருத்து வேறு. ஆனால் எடுத்துக்காட்டு வேலையாட்கள் எல்லாரும் அறிந்தது. என் அம்மாயி பவுலைப் படித்தவரல்லர்; எழுத்தே அறியாதவர். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

வடகரப்பதி பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கேரளம் என்றதும் நீங்கள் நினைக்கும் மழையும் பச்சையும் அங்கே குறைவு. கோவைப் பக்கமிருந்து பிழைக்க வந்த எங்கள் குடும்பத்துக்குக் கடலைக்காடுதான் சோறு போட்டது. கடலை பறித்தால் கூலி கடலையாகவே கிடைக்கும், வள்ளத்தால் அளப்பார்கள். குவித்து அளப்பது வழக்கம். ஓராண்டு தோட்டக்காரர் ஒருவர் தலைதட்டி அளந்தார். அளந்துவிட்டு, "இந்தா, பேரப்பிள்ளைக்கு" என்று இரண்டு கை அள்ளிப் போட்டார். அம்மாயி அந்த இரண்டு கையையும் களத்துக் குவியலிலேயே கொட்டினார். "அளவெச் சரியாப் போடுங்க. அப்புறம் நீங்க குடுக்கறதெ வாங்கிக்கறேன்" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு வயது ஏழு. மறுபடி அளந்தார்கள். இரண்டு கை கடலை திரும்ப வரவில்லை. அடுத்த பருவத்தில் அந்தக் காட்டிலிருந்து அழைப்பும் வரவில்லை.

'திராட்சைத் தோட்டத்துக்காரன் கடைசி ஒருமணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாள் பணம் கொடுத்தானே? அது அருளன்றோ?' என்று நீங்கள் கேட்கலாம். அருள்தான். ஆனால் விடியற்காலையில் வந்தவனுக்குப் பேசிய ஒரு பணத்தில் காசு குறையவில்லை. ஒருவன் கூலியில் கிள்ளி இன்னொருவனுக்குக் கொடை செய்யவில்லை அவன். ஒருமணி நேரம் உழைத்தவன் வீட்டிலும் உலை முழுநாளுக்குத்தானே கொதிக்கவேண்டும்?

நம் எல்லைப்புறத்தின் இன்னொரு முனை இடுக்கி மாவட்டத்து மூணாறு. அங்கே கொழுந்து பறிக்கும் பெண்களில் மிகப்பலர் தமிழர். 2015 செப்டம்பரில், முந்தைய ஆண்டு 19 சதவீதமாயிருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும், கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களின் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து அமர்ந்தார்கள். ஆண்களான சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தங்களுக்குப் 'பொம்பிளை ஒருமை' என்று பெயரிட்டுக்கொண்டார்கள். அப்போது அவர்கள் நாட்கூலி 232 ரூபாய், கேட்டது 500. அக்டோபரில் 301 என்று முடிவாயிற்று.

போனஸ் வழக்கு அதற்கு முன்பே, செப்டம்பர் 13ஆம் நாள், 20 சதவீதம் என்று தீர்ந்திருந்தது. கேட்டது கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் அது ஒரே தொகையாக இல்லை. அப்போது நடப்பிலிருந்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த குறைந்த அளவான 8.33 மட்டும் போனஸ். மீதி 11.67 சதவீதத்துக்கு வைத்த பெயர் 'எக்ஸ் கிரேஷியா'. பவுலின் 'அருள்' என்ற சொல்லுக்கு இலத்தீன் விவிலியம் இட்ட அதே சொல்தான் இது. தமிழ் அரசாணைகளில் கருணைத்தொகை என்று எழுதுகிறோம். ஒன்பது நாள் நடுச்சாலையில் உட்கார்ந்து வாங்கியதற்குக் கருணை என்று பெயர்!