பெட்டியோடு வரும் ஃபேன் போதுமா?



பிராசசர் வாங்கினால் அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஃபேனும் அதற்கு அடியில் ஒரு அலுமினியக் கட்டியும் சேர்ந்து வரும். ஸ்டாக் கூலர் என்பார்கள். தனியாகக் காசு கிடையாது. நம்ம வேலூர் வெயிலுக்கு இது தாங்குமா, இல்லை இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்துப் பெரிய கூலர் போடணுமா என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அதில் மூன்று பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். ஆளுக்கொரு தடவை போனில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இடைநிலை ஆசிரியராக இருந்தவன். கம்ப்யூட்டருக்கென்று எந்தச் சான்றிதழும் என்னிடம் இல்லை. ஓய்வுக்குப் பிறகு பழைய மெஷின்களைப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டதுதான். ஆனால் வெப்பம் என்பது நான் வருஷா வருஷம் நடத்திய பாடம். அதில் எனக்குக் கொஞ்சம் பிடிமானம் உண்டு.

கூலர் என்று பேர் வைத்துவிட்டதால் அது குளிர வைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அது பிராசசரின் சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். மண்பானைத் தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்து இருக்கிறதே என்றால், அங்கே தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் ஜில்லென்று இருக்கிறதே என்றால், நம் வியர்வை காய்கிறது. பிராசசருக்கு வியர்க்காது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபேனாக இருந்தாலும், அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே பிராசசரை இறக்கவே முடியாது. அறைச் சூட்டுக்கு மேலே எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதில்தான் நல்ல கூலரும் சுமார் கூலரும் வேறுபடுகின்றன.

யூடியூபில் ஒருவர் 22 டிகிரி ஏசி அறையில் வைத்துச் சோதித்து 65 காட்டுகிறார் என்று வையுங்கள். அறைக்கு மேலே 43. அதே மெஷினை, அதே வேலையோடு, நம் வீட்டு 38 டிகிரி அறையில் வைத்தால் ஏறக்குறைய 81 காட்டும். வெறும் கூட்டல் கணக்கு. 81 என்றதும் பதற வேண்டாம். இன்டெல் ஐ3-10100 பிராசசருக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 5 3600க்கு 95. எல்லையைத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் தானே அணைந்துவிடும். பெரும்பாலும் எரிந்தெல்லாம் போகாது.

போன மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். என் பழைய மாணவி ஒருத்தி காட்பாடி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆன்லைன் விண்ணப்பம், பத்திரிகை டைப்பிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒரே கம்ப்யூட்டர், ஐ3-10100, வாங்கி நாலு வருஷம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து காலேஜ் விண்ணப்பம் போடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரத்தில் மெஷின் படக்கென்று அணைந்துவிடுகிறது. பாதி நிரப்பியது போனது போனதுதான். பிள்ளைகள் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரர், "கூட வந்த ஃபேன் இந்த ஊருக்கு லாயக்கில்லை. புது கூலர் 2,800, அது நுழையறதுக்குப் பெரிய கேபினட் 3,500" என்று சொல்லியிருக்கிறார்.

"பையனுக்கு ஃபீஸ் கட்ட வெச்சிருக்கிற பணம் சார். எடுக்கட்டுமா?"

"ஒரு நாள் பொறும்மா. வரேன்."

மறுநாள் வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குப் போனேன். சூடு எப்போது அதிகமோ அப்போதுதான் பார்க்கணும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கையோடு கொண்டுபோன தெர்மாமீட்டரில் கடைக்குள் 39. கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். சும்மா இருக்கும்போதே 74. நாலைந்து பக்கங்களைத் திறந்து போட்டோவைத் திருத்தச் சொன்னதும் 99, 100. கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

கேபினட் மேஜைக்கு அடியில் மரப்பெட்டிக்குள் இருந்தது. பின்னால் பலகை, முன்னால் கதவு. "தூசி போகக் கூடாதுன்னு மூடி வெச்சிருக்கேன் சார்" என்றாள். தான் வெளியே விட்ட சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டரை அந்த மரப்பெட்டிக்குள் வைத்துக் கால் மணி நேரம் மெஷினை ஓட்டினேன். 48. பாவம், அந்த ஃபேனுக்குக் கிடைத்த காற்றே 48 டிகிரி.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால், ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனால் அடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இடைவெளியே தெரியவில்லை. காகிதத் துகள், டோனர் தூள், மெயின் ரோட்டுப் புழுதி எல்லாம் சேர்ந்து பழைய கம்பளி மாதிரி அடைத்திருந்தது. (டோனர் தூளை வாயால் ஊதாதீர்கள். நெஞ்சுக்குள் போகும்.)

இதற்கு மேல்தான் விஷயமே. இன்டெல் கூலருக்கு நாலு மூலையில் நாலு பிளாஸ்டிக் முளைகள். மதர்போர்டு ஓட்டையில் வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். அதில் ஒன்று உட்காரவே இல்லை. கழற்றிப் பார்த்தால், அடியில் இருக்கும் பேஸ்ட் ஒரு பக்கம் அழுந்திப் பரவியிருக்கிறது, மறுபக்கம் தொழிற்சாலையில் தடவிய கோடு கோடாக அப்படியே இருக்கிறது. அதாவது மாட்டிய அன்றைக்கே அந்த முளை உட்காரவில்லை. மாட்டிக் கொடுத்தவர் யார்? இப்போது புது கூலர் வேண்டும் என்கிற அதே கடைக்காரர். பேரெல்லாம் எழுத மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மூன்று முளையில் தொங்கிக்கொண்டே அந்த 'லாயக்கில்லாத' ஃபேன் மூன்று கோடையைத் தாண்டியிருக்கிறது.

கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தள்ளினோம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்தோம். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது பொய். முளைகளைக் குறுக்குக் குறுக்காக அழுத்தி, போர்டின் பின்பக்கம் நாலும் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பார்த்தோம். கேபினட்டை மரப்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு ஸ்டூல் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். அறை அப்போது 38. அதே பக்கங்கள், அதே போட்டோ வேலை. 77 வரை போனது, அதற்கு மேல் ஏறவில்லை. பேஸ்ட் 180 ரூபாய், பிரஷ் 30.

"அப்போ கூலர் வேணாமா சார்?"

"வேணாம்மா. ஃபீஸைக் கட்டு."

இதைப் படித்துவிட்டு, எல்லாருக்கும் ஸ்டாக் கூலரே போதும் என்று வாத்தியார் சொன்னார் என்று கிளப்பிவிட வேண்டாம். இந்த மாதம் கேட்ட நாலு பேரில் ஒருவர் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். ஐ7-10700. அதன் பெட்டியிலும் 65 வாட் என்றுதான் இருக்கும், என் மாணவியின் ஐ3-க்கும் அதே 65 தான். ஆனால் அந்த 65 அடிப்படை வேகத்துக்கான கணக்கு. வேலை அழுத்தினால் ஐ7-10700 சுமார் 28 விநாடி வரை 224 வாட் இழுக்கலாம் என்பது இன்டெலே வைத்த வரம்பு. சில மதர்போர்டுகள் அந்த 28 விநாடிக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிட்டு வருகின்றன. மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் போட்டால் அந்தச் சின்ன அலுமினியக் கட்டி என்ன செய்யும்? வேகம் குறையும், ஃபேன் மிக்சி மாதிரி கத்தும். அவரைப் பெரிய கூலர் வாங்கச் சொன்னேன். மற்ற மூவரிடமும் தூசியைத் தட்டிவிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். கே என்று முடிகிற இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறையிலிருந்து பெட்டிக்குள் கூலரே வைப்பதில்லை, சில விதிவிலக்குகள் தவிர. ஆக அவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேன் வைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சரி. நிரந்தரமாக வைத்தால் தூசி இரண்டு மடங்கு சேரும், பல்லியும் குடிவரும். ஒரு வீட்டில் மதர்போர்டின் மேல் முட்டையே பார்த்திருக்கிறேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் மெஷினை ஒரு தடவை திறந்து பாருங்கள். வேலை நேரத்தில் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கமெண்டில் எழுதுங்கள், அறை வெப்பத்தையும் சேர்த்து. அறை வெப்பம் எழுதாதவர்களுக்கு மார்க் கிடையாது.